அரைக்கால் தோசை

கோத்தகிரி,
ஞாயிறு

அன்புள்ள மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் கழிந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் மே மாதம் நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பள்ளத்துப் பக்கம் தேயிலைக் கொழுந்து பனியில் கருகிவிட்டது, அம்மாவுக்கு அதே முட்டி வலி.

சேதி சின்னவளைப் பற்றியது. நாலாவது படிக்கிறாள். திங்களும் வியாழனும் காலையில் மட்டும் அவளுக்கு வயிற்று வலி வரும். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், பூச்சி மாத்திரை கொடுத்தோம். கடைசியில் என் வீட்டுக்காரிதான் டைம்டேபிளைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இரண்டு நாளும் முதல் பீரியடு கணக்கு. நான் சிரித்துவிட்டு, "என் ரத்தமாச்சே" என்றேன். அன்று ராத்திரி அந்தப் பிள்ளை பாட்டியிடம், "அப்பாவுக்கே கணக்கு வராதாம், எனக்கு எப்படி வரும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

நாம் ரெண்டு பேரும் அரையாண்டில் சேர்ந்து 11 மார்க் வாங்கிய கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேனே, அதை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள்! சத்தியமாக அன்று தூக்கம் வரவில்லை மாப்ள. இனி அந்தக் கதையை நீயும் இங்கே வந்து எடுக்காதே.

ட்யூஷன் என்றேன். "அடுப்படியில இல்லாத கணக்கா?" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். நோட்டில் 1/2 பெரியதா 1/4 பெரியதா என்ற கேள்விக்குச் சின்னவள் 1/4 என்று எழுதித் தப்பு வாங்கியிருந்தாள். 2-ஐ விட 4 பெரியதாம். அம்மா தோசைத் திருப்பியோடு நின்று, "அரைத் தோசை வேணுமா, கால் தோசை வேணுமா?" என்றாள். "அரை!" பிள்ளை யோசிக்கவே இல்லை. அப்புறம் கால் தோசையை இரண்டாகக் கிழித்து, "இது அரைக்கால்" என்றாள் அம்மா. காலில் பாதி, எட்டில் ஒன்று. மூன்று கால் சேர்ந்தால் முக்கால். கணக்கு சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, நமக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே! பிரம்புக்குத் தெரிந்திருக்குமா?

மறுநாள் பரணிலிருந்து படியும் ஆழாக்கும் இறங்கின. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று அவளே அரிசி அளந்து கண்டுபிடித்தாள். தரையில் கொட்டியது எத்தனை ஆழாக்கு என்று என் வீட்டுக்காரி கேட்டாள், நல்ல குரலில் அல்ல.

போன மாதம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனோம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2203, எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டேன். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கென்றால் அவளுக்கு அழுகை வரும். கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணித் தருவது போல ஏறிப் பார் என்றேன். 326-லிருந்து 400-க்கு 74, அங்கிருந்து 2000-க்கு 1600, மேலே 203. லவ்டேல் வருவதற்குள் 1877 வந்துவிட்டது. நான் போனில் தட்டிச் சரிபார்த்தேன், அதை எழுதாமல் இருக்க முடியாது.

இப்போது என் மானம் போன கதை. நம் வீட்டுத் தராசில் 6 சாக்கு கொழுந்து 132 கிலோ. கொள்முதல் ரசீதில் 126. எடைக்காரரோடு நடு ரோட்டில் சண்டை போட்டேன், நாலு பேர் கூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரசீதை வீசினால், சின்னவள் எடுத்துப் பார்த்து, "சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பாங்கன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க? ஆறு சாக்கு" என்றாள். நாலு நாளாகப் பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் சாக்கைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை வலி முழுக்கப் போகவில்லை. போன வாரமும் வந்தது. ஆனால் வியாழன் வரவில்லை.

மே மாதம் வரும்போது புளியங்கொட்டை கொண்டுவா. சத்தியமங்கலத்தில் உனக்கென்ன பஞ்சம்? இந்தக் குளிரில் இங்கே புளியமரம் ஏது? பீன்ஸ் விதையை வைத்துப் பல்லாங்குழி ஆடுகிறோம், பாதியை எலி தின்றுவிட்டது. 14 குழி, குழிக்கு 5. எத்தனை வேண்டும் என்று நீயே பெருக்கிப் பார். உன்னை நம்ப முடியாது, நூறாகவே கொண்டுவா. இவள் எண்ணித்தான் வாங்குவாள்.

உன்,
கோத்தகிரிக்காரன்