ஸ்கிரிப்ட்டில் ஓடாத பட்டியல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் கணினிப் பக்கத்தில் புதுப் போன், புதுச் செயலி பற்றியெல்லாம் நிறைய வருகிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு அன்றாடம் தலைவலி தரும் ஒரு விஷயத்துக்கும் அங்கே இடம் கொடுங்கள்: ஒரு மொழியில் எழுதிய மென்பொருளின் பட்டியலை, இன்னொரு மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு (சிறு நிரலுக்கு) எப்படிக் கொடுப்பது என்பதுதான் அது.

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடை. பில் போடும் மென்பொருள் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியில் எழுதியது. கழிவு விதிகளை மட்டும் கடையிலேயே மாற்றிக்கொள்ளும்படி உள்ளே லூவா என்ற சிறிய ஸ்கிரிப்ட் மொழியை வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரக்குப் பட்டியலை லூவாவுக்குக் கொடுத்த விதம் சரியில்லை. மொத்தம் எத்தனை சாமான் என்று கேட்க ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு), இத்தனையாவதைத் தா என்று கேட்க இன்னொன்று, அவ்வளவுதான். சி பிளஸ் பிளஸ் பூச்சியத்திலிருந்து எண்ணும், லூவா ஒன்றிலிருந்து. விதி எழுதிய பையன் வழக்கம்போல ஒன்றிலிருந்து தொடங்க, பட்டியலில் முதலாவதாக இருந்த அரை இஞ்சி பிவிசி குழாய்க்கு மட்டும் கழிவு விழவே இல்லை. கடைசியில் இல்லாத சாமானைக் கேட்டபோதும் மென்பொருள் பிழைச்செய்தி காட்டாமல் பேசாமல் இருந்துவிட்டது. வாடிக்கையாளர் சண்டைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பையனை ஏசினார்கள். அவன்மேல் என்ன பிழை?

லூவா தெரிந்தவர்கள் பட்டியலைச் சுற்றிவரக் கை பழகியது, பேர்ஸ் (pairs) என்ற ஃபங்ஷனை வைத்து ஒவ்வொன்றாக எடுத்து ஓடும் ஃபோர் லூப்தான். பட்டியலை வைத்திருக்கும் நம் சொந்தக் கன்டெய்னரையும் அதே லூப்பில் ஓடவைக்கலாம். அதன் மெட்டாடேபிளில், அதாவது அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று லூவாவுக்குச் சொல்லும் அட்டவணையில், முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட பேர்ஸ் (__pairs) என்ற பெயரில் ஒரு ஃபங்ஷனை வைக்க வேண்டும். அடுத்ததை எடுத்துத் தரும் ஃபங்ஷன், கன்டெய்னர், தொடக்க மதிப்பு என்ற மூன்றையும் அது திருப்பித் தரும். 2011இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. 5.1 அதைக் கண்டுகொள்ளாது; லூவாவை வேகமாக ஓட்டும் லூவாஜிட்டும் 5.2 இணக்கத்தோடு கம்பைல் செய்யாவிட்டால் அப்படித்தான்.

முழுப் பட்டியலையும் லூவாவின் சொந்தப் பட்டியல் வடிவமான டேபிளாக நகலெடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பில்லுக்குப் பில் ஆயிரக்கணக்கில் நகலெடுத்தால் கவுண்டரில் வரிசை நீளும். அதைவிட மோசம், ஸ்கிரிப்ட் விலையை மாற்றினால் நகல்தான் மாறும்; அசல் அப்படியே கிடக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்ததை எடுத்துத் தரும் இட்டரேட்டருக்குள், வெக்டர் எனும் சி பிளஸ் பிளஸ் பட்டியலின் பாயின்டரை (நினைவக முகவரியை) வைத்திருந்தால், லூப் நடுவே ஒரு சாமானைச் சேர்த்ததும் வெக்டர் நினைவகத்தில் இடம் மாறிவிடலாம். பாயின்டர் பழைய இடத்தையே காட்டும், வியாபார நேரத்தில் புரோகிராம் விழும். ஆகவே பாயின்டர் வேண்டாம், எத்தனையாவது என்ற எண்ணே போதும். பட்டியலில் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் கூடுகிற ஓர் எண்ணைக் கன்டெய்னரில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் தெளிவான பிழைச்செய்தி கொடுங்கள்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகள் பைதனில் ஃபோர் லூப் எழுதுகிறார்கள். அங்கேயும் இதே கதைதான்: சி பிளஸ் பிளஸ்ஸைப் பைதனோடு இணைக்கும் பைபைண்ட்11இல், இட்டரேட்டரை உருவாக்கும் மேக் இட்டரேட்டரோடு, கன்டெய்னரை அழியாமல் வைத்திருக்கச் சொல்லும் கீப் அலைவ் சேர்க்காவிட்டால், லூப் முடியுமுன்னே கன்டெய்னர் அழிந்துபோகலாம். இந்த விஷயங்களை அவர்களுக்குத் தமிழில் விளக்கும் ஒரு சிறு தொடரை வெளியிடுங்கள். லூவா 5.4இல் ஓடும் உதாரணம் என்னிடம் தயாராக இருக்கிறது, கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதும் வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06