கையெழுத்துக்கு யார் பொறுப்பு? பொறியாளர் பதிவுச் சட்டம் குறித்து ஒரு திறந்த மடல்

நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கட்டடங்களின் தாங்குதிறனைக் கணக்கிட்டு வரைபடம் தரும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன் நான். பொறியாளர் தொழிலை முறைப்படுத்தும் சட்ட வரைவு ஒன்று 2025-இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது அவைக்கு வரும்போது, ஒவ்வொரு வரைபடத்திலும் இடப்படும் கையெழுத்துக்கு உரிய பொறுப்பை நிறுவுவதாக அது அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பட்டயக் கணக்கருக்கு 1949-லும், வழக்கறிஞருக்கு 1961-லும், கட்டடக் கலைஞருக்கு 1972-லும் தனிச்சட்டம் வந்துவிட்டது. பொறியாளருக்கு நாடு முழுமைக்குமான அத்தகைய சட்டம் இல்லை. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்று வகை பிரித்துப் பதிவைக் கட்டாயமாக்கியிருப்பது நல்ல தொடக்கம். ஆனால் தளத்தில் நான் காண்பது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன், முதல் தளத்தோடு முடித்த வீட்டின்மேல் இன்னும் ஒரு தளம் எழுப்பிய ஒருவர், பீமில் விரிசல் கண்டு என்னை அழைத்தார். அவர் எடுத்துக் காட்டிய வரைபடத்தில் முத்திரையும் பதிவு எண்ணும் முறையாக இருந்தன. அந்த முத்திரைக்கு உரியவரை வீட்டுக்காரரோ மேஸ்திரியோ ஒருநாளும் பார்த்ததில்லை. பிளான் அப்ரூவல் வாங்கித் தந்த இடைத்தரகர், ஒரு தொகை கொடுத்து அந்தக் கையெழுத்தையும் வாங்கியிருந்தார். தூணில் எத்தனை கம்பி என்று கேட்டபோது, வழக்கமாகப் போடுவதைப் போட்டதாக மேஸ்திரி சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர் வராத இடத்தில் தனக்குத் தெரிந்ததை அவர் செய்திருக்கிறார். அந்த வீட்டின் படியிறங்கும்போது, 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் சரிந்த 11 மாடிக் கட்டடமும், அதில் மாண்ட 61 உயிர்களும், வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து அங்கே புதைந்துபோன தொழிலாளர்களும்தான் என் நினைவில் இருந்தார்கள்.

பெயரை மட்டும் காக்கும் சட்டம் இதைத் தடுக்காது. கட்டடக் கலைஞர் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பதிவில்லாதவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்வதைத்தான் தடுக்கிறதே தவிர, அந்த வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. பெயரை அளவுமீறிக் காத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சான்று. சாலைச் சந்திப்பில் மஞ்சள் விளக்கு எரியும் நேரக் கணக்கில் பிழை இருப்பதாகச் சுட்டிக்காட்டி, தம்மைப் பொறியாளர் என்றும் குறிப்பிட்ட மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவருக்கு, உரிமம் இல்லை என்பதற்காக, பொறியாளர்களுக்கு உரிமம் வழங்கும் அம்மாநில வாரியம் 500 டாலர் அபராதம் விதித்தது. இத்தனைக்கும் அவர் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. கல்லூரியில் படித்து, ஆலையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பணிபுரியும் லட்சக்கணக்கான நம் பிள்ளைகள் தம்மைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ள அஞ்சும் நிலை இங்கே வரக்கூடாது.

ஆகவே, கட்டடம், பாலம், கொதிகலன், உயர் அழுத்த மின்னமைப்பு என உயிருக்கு ஊறு நேரக்கூடிய பணிகளைச் சட்டம் பெயர் சொல்லி வரையறுத்து, அவற்றுக்கான வரைபடத்தில் ஒப்பமிடும் உரிமையைப் பதிவு பெற்றவருக்கு மட்டும் தர வேண்டும். ஒப்பமிட்டவர் அடித்தளக் கம்பி கட்டும்போதும், ஒவ்வொரு தளத்திலும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பும் நேரில் வந்து பார்த்ததைத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். கையெழுத்தை விற்றவரின் பதிவு நீக்கப்பட வேண்டும். நீக்கப்பட்டவர் யார் என்பதை வீடு கட்டும் எவரும் அலைச்சலின்றி அறிய முடிய வேண்டும். டிப்ளமோ படித்துப் பல ஆண்டுகள் தளத்தில் நின்று தேர்ந்தவர்கள் தேர்வெழுதிப் பதிவு பெறவும் வழி இருக்க வேண்டும். சிற்றூர்களில் வீடு கட்டுவோருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பவர்கள் அவர்களே.

சட்டமுன்வரைவு விவாதத்துக்கு வரும் நாளில் இவற்றைத் திருத்தங்களாக முன்மொழியுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
மதுரை.