புதுக் கம்ப்யூட்டர் வாங்காதே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அதை நிறுத்தி வை. ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் செய்துவிடு. நீ படித்த காலத்துக் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நீ சொன்ன காரணங்கள் தப்பில்லை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அந்தத் தேதியிலிருந்து மேலும் ஓராண்டு. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் பிராசஸரில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. நம்முடையது 6ஆம் தலைமுறை. ஆனால் அந்தத் தேதிக்கு மறுநாள் இந்த மெஷினில் எது தேய்ந்துபோனது? யாரோ ஒரு கோடு போட்டார்கள், நம் பெட்டி அதற்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். மின்ட் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, வசதியாக ஓட 4 என்கிறது. இதில் 8 இருக்கிறது. நான் போட்டிருக்கும் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

முதலில் உன் சாமான்கள். படங்கள், காலேஜ் புராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். காப்பி முடிந்தது என்று திரை சொன்னதை மட்டும் நம்பாமல், அங்கங்கே சிலவற்றைத் திறந்தும் பார்த்தேன். நீ விளையாடிய கேம்கள் எதை எங்கே சேமித்து வைத்தன என்று எனக்குத் தெரியாது. அதனால் உன் பெயரில் இருந்த ஃபோல்டரை மறைந்திருந்த கோப்புகளோடு முழுதாக எடுத்துவிட்டேன். நேரம் கிடைக்கும்போது நீயே பார்த்துக் கழித்துக்கொள்.

அப்புறம் மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இணையத்திலிருந்து இறக்கினேன். இறக்கியது அசல்தானா என்று கோப்பிலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ 256 என்ற குறியை, மின்ட்காரர்கள் வெளியிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 64 எழுத்து கொண்ட அந்தக் குறி, கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் கம்ப்யூட்டர் அதிலிருந்து தொடங்காது, அதாவது பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு கருவியால்தான் எழுத வேண்டும், அதில் முன்பு இருந்ததெல்லாம் போய்விடும்.

எனக்குப் பிடித்துப்போனது அதற்கடுத்த கட்டம்தான். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே முழு லினக்ஸும் எழுந்து நிற்கிறது. சில நாள் அப்படியே வைத்துப் பார்த்தேன். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, தூங்க வைத்தால் ஒழுங்காக விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அங்கேயே இருக்கும். வேகம் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அது பென் டிரைவின் வேகம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை மாட்டினால் இந்த மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும் என்று நினைக்கிறேன்.

விண்டோஸும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார் அப்பா. இருக்க வைக்கலாம்தான். விண்டோஸிலேயே அதன் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அது இருக்கும் பகுதியை, சுருக்கிவிட்டு, சீக்கிரம் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் நின்றுவிடும், லினக்ஸால் அந்தப் பக்கம் எழுத முடியாது. இரண்டும் கடிகாரத்தை வேறு வேறு விதமாகப் படிப்பதால் மாற்றி மாற்றித் திறக்கும்போது மணியும் தப்பிப்போகும். அதையெல்லாம் சரிசெய்துவிடலாம். ஆனால் அப்டேட்டே வராத ஒன்றுக்குப் பாதி டிஸ்க்கை ஏன் கொடுக்க வேண்டும்? முழுவதையும் அழித்துவிட்டேன். விண்டோஸில் மட்டுமே ஓடும் அப்பாவின் அந்த ஒரே புரோகிராம் அவருடைய லேப்டாப்பில் இருக்கிறது. அது போதும்.

நிறுவியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மொழி, கீபோர்டு, நேரம், பெயர், பாஸ்வேர்டு கேட்டது. சொன்னேன், முடிந்தது.

அதற்குப் பிறகு அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "சும்மா கொடுக்கிறார்கள் என்றால் பதிலுக்கு நம்மிடமிருந்து எதை எடுக்கிறார்கள்?" இணையத்தில் இலவசம் என்றாலே அப்படிச் சந்தேகப்படுவது சரிதான். ஆனால் இதன் மூல நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டமும், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் என்ற மையப் பகுதியும் சேர்ந்துதான் இதற்கு அடித்தளம். இன்று அந்தக் கெர்னலில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குகிறவர்கள். பெரிய கம்பெனிகளின் சர்வர்கள் இதில்தான் ஓடுகின்றன, அது கெடாமல் இருப்பது அவர்களுக்கே லாபம். மின்ட் நன்கொடையிலும் விளம்பரதாரர்கள் தரும் பணத்திலும் நடக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதே கெர்னல்தான் என்றேன். போனை எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பழக வேண்டியவையும் உண்டு. சி டிரைவ், டி டிரைவ் கிடையாது, எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் வைத்த பெயரும் சின்ன எழுத்தில் வைத்த பெயரும் வேறு வேறு கோப்புகள். ஆபீஸ் வேலைகளுக்கான லிப்ரேஆபிஸ் அப்பாவின் கணக்குத் தாள்களைத் திறக்கிறது, ஆனால் மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளைகள், வைத்த ஒரு தாள் முரண்டு பிடிக்கிறது. தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற கருவியை நிறுவி, பல மொழிகளுக்கான எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. இந்தக் கடிதம் அதில் அடித்ததுதான். டைம்ஷிஃப்டையும் முடுக்கி வைத்திருக்கிறேன், ஏதாவது அப்டேட் சொதப்பினால் சிஸ்டத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். அது உன் படங்களுக்கான பேக்கப் இல்லை, அதற்கு வெளி டிஸ்க்தான்.

உனக்கும் ஆசை வந்தால் உன் சொந்த லேப்டாப்பில் செய்து பார். ஆனால் அது புதுசு, விண்டோஸின் பிட்லாக்கர் டிஸ்க்கைத் தானாகவே குறியாக்கம் செய்து பூட்டியிருக்கலாம். தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் பக்கம் கை வைக்கும் முன் 48 இலக்க ரிக்கவரி கீயை எடுத்து, அந்த லேப்டாப்புக்கு வெளியே எங்காவது எழுதி வை. அது இல்லாமல் பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்டுத் தர முடியாது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் யாராவது எதையாவது ஒட்டச் சொன்னால், முழு அதிகாரத்தோடு ஓடும், சுடோ என்று தொடங்கும் வரி என்ன செய்யும் என்று படித்துவிட்டு என்டர் தட்டு. ஆபீஸ் லேப்டாப்பை மட்டும் தொடாதே, அது அவர்களுடையது.

அன்புடன்,
அம்மா