"உடம்பைக் குறைக்கவும்" என்று எழுதினால் வைத்தியம் ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். போன வாரம் மூன்றாவது தடவையாக ஓபி சீட்டில் "உடம்பைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். எப்படி என்று கேட்டால், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று.

அவருக்கு ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். மதுரையில் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 40 தடவை மூச்சு அடைபடுகிறதாம். எனக்குக் குறட்டை கேட்டால் நிம்மதி, நின்றால்தான் பயம். நின்றதும் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். காற்று வராவிட்டால் தோளைத் தட்டி ஒருக்களிக்க வைப்பேன். இப்படியே விடியும்.

மாசியில் ஒருநாள் விடிகாலை, சுக்கானைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். படகு எல்லைப் பக்கம் போயிருக்கிறது. கூட இருந்த பையன் உலுக்கியிராவிட்டால், இந்நேரம் நான் வேறு அதிகாரிகளுக்கு மடல் எழுதிக்கொண்டிருப்பேன்.

டாக்டர் சொன்னது தப்பென்று சொல்லவில்லை. கழுத்திலும் நாக்கிலும் சேர்ந்த கொழுப்புதான் தூக்கத்தில் மூச்சுப் பாதையை நெருக்குகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அடைப்பு ஏறக்குறைய கால்வாசி குறையும் என்கிறார்கள். முழுசாகக் குணமாகாது, தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் கரண்ட் மூச்சு மெஷினும் வேண்டும் என்றார் மதுரை டாக்டர். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். கடன்பட்டு வாங்கினாலும், வாரத்தில் மூன்று ராத்திரி கடலில் கிடப்பவர் அதை எங்கே செருகுவார்? அதனால்தான் எங்களுக்கு எடை குறைவதே பெரிய வைத்தியம்.

ஆஸ்பத்திரித் தராசில் முள் அசையவில்லை. துறையில் நண்டுக் கூடை இறக்கிய தராசில் ஏறி நின்றார். 104 கிலோ. "கிலோ என்ன விலை?" என்றார் வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நான் கேட்பது ஒன்றுதான். வாரம் ஒருநாள் எடை பார்த்து, சாப்பாட்டுக்கு வழி சொல்லி, அடுத்த வாரமும் வரச்சொல்லும் ஒரு பிரிவு. ஓட்ஸ் சாப்பிடு என்பவர் வேண்டாம். படகில் பொங்குவது வெள்ளைச் சோறும் மீன் குழம்பும்தான். அந்தச் சட்டிக்குள் எதைக் குறைக்கலாம் என்று சொல்பவர் வேண்டும்.

2025-ல் புதுப் பாலம் திறந்தாயிற்று, நோயாளியை ரயிலேற்றி மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. சரி, பாலம் உங்கள் துறை இல்லை, மன்னிக்கவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். டீக்கடையும் புரோட்டாவுமாக எடை ஏறுவதும் அப்போதுதான். அந்தப் பிரிவைத் தடைக்காலம் தொடங்கும் அன்றைக்கே தொடங்கித்தாருங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். கிழமையைச் சொன்னால் போதும், அவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு. தராசு இன்னும் சரியாகவில்லை என்றால், நண்டு வியாபாரியிடம் இரவல் கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு டிரைவர் ஒருவரின் மனைவி,
பாம்பன்