‘ஆண்மகனாக இருந்தும்’ என்ற அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை இதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்ட விசைத்தறித் தொழிலாளி ஒருவரைப் பற்றிய செய்தி வந்திருந்தது. அதில், “ஆண்மகனாக இருந்தும் மன உறுதியின்றி அவர் எடுத்த முடிவு” என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்கிப் படிக்கிறவன் நான். அந்த வரிக்குப் பிறகு அன்று ஒரு பக்கமும் புரட்ட மனம் வரவில்லை.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்வதும், இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள் என்பதும், எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நம் மாநிலம் நிற்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டமே இவ்வளவு இரக்கம் காட்டும்போது, இறந்துபோன ஒருவரின் உறுதியை அளந்து தீர்ப்பு எழுதும் உரிமையைத் தங்கள் செய்தியாளருக்கு யார் கொடுத்தது?

இந்தக் கோபம் எனக்கு நேற்று வந்ததன்று. என் தம்பி பள்ளிபாளையத்தில் நான்கு தறி போட்டு ஓட்டியவன். நூல் விலை ஏறி, துணி தேங்கி, வட்டிக்கு வாங்கிய பணம் வட்டியிலேயே நின்றபோது, யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் 2004இல் போய்விட்டான். பதின்மூன்று வயதில் அவன் மகன் கொள்ளி வைத்தான். மொட்டையடித்த தலையில் நீர் சொட்ட, ஈரத் துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை நின்றபோது, உறவில் மூத்தவர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து, “அழுவாத கண்ணு, ஊட்டுக்கு இனி நீதான் ஆம்பளை” என்றார். அவர் நல்ல மனிதர். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். பிள்ளை அழவில்லை. அன்றும் அழவில்லை, அடுத்த பத்தொன்பது ஆண்டுகளும் அழவில்லை.

அழாத துக்கம் எங்கே போகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவனுக்கு எரிச்சல் வந்தது, தூக்கம் போயிற்று, நெஞ்சைப் பிடிக்கிறது என்றான். இரண்டு ஆண்டுகள் வாயுத் தொல்லைக்கு மாத்திரை விழுங்கினான், இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாலையில் குடிக்கத் தொடங்கியதும் ஊரார் அவனுக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் அவனுக்கு வேறு எந்த நோயும் இருக்கலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். 2023இல் ஒரு நள்ளிரவில், “பெரியப்பா, அப்பா மாதிரி ஆயிருவனோன்னு பயமா இருக்குது” என்று போனில் சொன்னான். அப்போதுதான் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழைத்தோம். அந்தப் பக்கத்தில் பேசிய பெண் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். மறுவாரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவனை நானே அழைத்துப் போனேன். காலையில் மட்டும் சீட்டு. ஒரு ஷிப்ட் கூலி போனது. வரிசையில் தெரிந்த முகம் வந்தால் என்ன செய்வது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். இன்று தூங்குகிறான், வேலைக்குப் போகிறான்.

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்த நானும், அடிபட்டு அழுத பையன்களைப் பார்த்து “பொம்பளப் புள்ள மாதிரி அழுகாதே” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்காக இன்று வெட்கப்படுகிறேன். அதே சொல்லைத்தான் தாங்கள் செந்தமிழில் அச்சிட்டிருக்கிறீர்கள் என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் மகளிர் இணைப்பிதழில் மனநல மருத்துவரின் கேள்வி பதில் வருகிறது. அதை என் மனைவியோடு நானும் படித்துப் பயன்பெற்றிருக்கிறேன். இளைஞர் பக்கத்தில் பைக்கும் கிரிக்கெட்டும் மட்டுமே வருகின்றன. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் ஒவ்வோர் ஆண்டும், “தந்தை திட்டியதால் மாணவன் விபரீத முடிவு” என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைக்கிறீர்கள். இத்தகைய செய்திகளுக்குப் பரபரப்பான தலைப்பு கூடாது என்ற நெறிமுறையை இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இலேயே ஏற்றுக்கொண்டது. இது குறித்து இரண்டு முறை எழுதினேன்; இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

நான் கேட்பது மிகச் சிறியது. “ஆண்மகனாக இருந்தும்”, “கோழைத்தனமாக” போன்ற சொற்களைச் செய்தி ஆசிரியர் மேசையிலேயே நீக்கிவிடுங்கள். செய்தியின் அடியில் போடும் உதவி எண்ணைச் செய்தி எழுத்தின் அளவிலேயே அச்சிடுங்கள். தம்பி மகன் போனில் பேசிய அன்றிரவு பழைய இதழைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல், செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் அந்த ஐந்து இலக்கத்தை நான் படித்தேன்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிட வேண்டுகிறேன். இவ்வளவு எழுத என் தம்பி மகன் சம்மதித்ததே பெரிது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம்.