முக ஸ்க்ரப்பில் பிளாஸ்டிக் மணிகள்: மாதிரி எடுத்துச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அழகுநிலையம் நடத்தும் பெண்கள்,
தூத்துக்குடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை,
சென்னை.

பொருள்: முக ஸ்க்ரப், பாடி வாஷ் ஆகியவற்றில் பிளாஸ்டிக் நுண்மணிகள் உள்ளனவா எனச் சோதித்து நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அழகுசாதனப் பொருட்களில் மக்காத பிளாஸ்டிக் நுண்மணிகள் பாதுகாப்பற்றவை என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017-இலேயே வகைப்படுத்திவிட்டது. அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் 2018-இல் விற்பனைக்கே தடை வந்தது. ஆனால் எங்கள் ஊர்க் கடைகளில் இன்றும் சில ஸ்க்ரப் டியூப்களின் முன்பக்கம் வேப்பிலைப் படம் இருக்கிறது; பின்பக்கம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் ‘பாலிஎத்திலீன்’ (ஒரு வகைப் பிளாஸ்டிக்) என்று இருக்கிறது. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்?

அப்படி ஒரு ஸ்க்ரப்பை வெந்நீரில் கலக்கிக் கறுப்புத் துணியில் வடிகட்டிப் பார்த்தோம். சர்க்கரையோ உப்போ என்றால் கரைந்திருக்கும். கடுகில் கால்வாசிகூட இல்லாத நீல மணிகள் துணியில் தங்கின. நகத்தால் அழுத்தியும் நசுங்கவில்லை. தண்ணீரில் போட்டால் மிதந்தன. மெழுகு மணியும் மிதக்கும் என்று நிறுவனத்தார் சொல்லலாம், அதுவும் உண்மைதான். எது மெழுகு, எது பிளாஸ்டிக் என்று எங்கள் வாஷ்பேசினில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அரசு ஆய்வகத்தில் முடியும்.

முகத்தில் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவியதும் இந்த மணிகள் சாக்கடைக்குப் போகின்றன. எங்கள் நகரத்தின் கழிவுநீர் பக்கிள் ஓடை வழியாகக் கடலில் கலக்கிறது. அது மன்னார் வளைகுடா. பவளப்பாறைகளும் கடற்புற்களும் உள்ள தேசியப் பூங்காவின் தீவுகள் இந்தக் கரையிலிருந்து தொலைவில் இல்லை. கடலுக்குள் போன மணியைத் திரும்பப் பொறுக்கி எடுக்க எந்த வலையும் கிடையாது. கேரிப்பைக்கு 2019 முதல் தடை விதித்த மாநிலத்தில் இது மட்டும் கண்ணில் படாமல் தப்பிப்பது முறையல்ல.

மாற்றுக்குப் பஞ்சமில்லை. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு சேர்த்து அரைத்த நலங்கு மாவு, காய்ந்த நுரைப்பீர்க்கு நார், சர்க்கரை ஆகியவற்றை எங்கள் நிலையங்களில் பயன்படுத்துகிறோம். இயற்கை என்பதாலேயே எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டோம்: வால்நட் ஓட்டுத் தூள் சரியாக அரைபடாவிட்டால் தோலைக் கீறும், பருக்கள் உள்ள முகத்துக்கு ஆகாது. நலங்கு மாவில் ஈரம் பட்டால் வண்டு விழும். பிளாஸ்டிக் மணி கெடாது, மலிவு, உருண்டை. நிறுவனங்களுக்கு அது பிடித்துப்போனதன் காரணம் இவ்வளவுதான்.

ஆகவே, தூத்துக்குடி மாவட்டக் கடைகளிலும் மொத்த விற்பனையாளர்களிடமும் தங்கள் ஆய்வாளர்கள் மாதிரி எடுத்துச் சோதித்து, பிளாஸ்டிக் இருப்பது உறுதியானால் விற்பனையை நிறுத்தி, சோதனை முடிவைப் பெயருடன் வெளியிட வேண்டுகிறோம். உட்பொருள் பட்டியலைத் தமிழிலும் அச்சிட நிறுவனங்களுக்கு அறிவுறுத்தவும், அதற்குச் சட்டத் திருத்தம் தேவையெனில் மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம். நலங்கு மாவு தயாரிக்கும் மகளிர் குழுக்கள் உரிமம் பெறும் வழி தெரியாமல் நிற்கின்றன. அவர்களுக்காக மாவட்டத்திலேயே ஒரு வழிகாட்டு முகாம் நடத்தினால் பெரிதும் உதவும்.

எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)

இணைப்பு: டியூப் லேபிள்களின் நகல்கள், வடிகட்டிய மணிகள் ஒரு பொட்டலம்.