தீபத்துக்குப் போகும் முன்

சைதாப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்திய கதையைப் படித்து இவரிடமும் வாசித்துக் காட்டினேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, "காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது அல்லவா" என்று. அடுத்த வரியிலேயே, கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலம் போகப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்ததிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை.

போன வருடம் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். உன் அம்மா படுத்த படுக்கையாக இருந்த நேரம் அது. "சளிதான், சரியாகிவிட்டது" என்று தொலைபேசியில் சொன்னது பொய்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். எனக்கும் நான்கு நாள் அடித்தது. டெங்கு இல்லை என்று பரிசோதனையில் வந்ததும் நிம்மதியாகிவிட்டேன். ஐந்தாம் நாளே அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து மாம்பலம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை ஏற்றியது போல இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அன்று மாலை பார்த்த மருத்துவர், வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதினார். நானும் நம்பினேன். பிறகு இரவில் நீட்டிப் படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையில் சாய்ந்துதான் தூங்கினேன். கணுக்கால் வீங்கியது. மகள்தான் இதய மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

இசிஜி, டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை, எக்கோ என்ற இதய ஸ்கேன், கடைசியில் எம்ஆர்ஐ. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் சுமார் 55 சதவீதத்துக்கு மேல் வெளியே தள்ள வேண்டுமாம். என் இதயம் தள்ளியது 38. ரத்தக் குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. இதயத் தசையே வீங்கிப் புண்பட்டிருந்தது. மயோகார்டைட்டிஸ் என்றார்கள்.

காய்ச்சல் எப்படி இதயத்துக்குப் போகும் என்று கேட்டேன். பல வைரஸ்களுக்கு அந்த வழி தெரியும் என்றார் மருத்துவர். ஃப்ளூ, கொரோனா, டெங்கு எல்லாமே அதில் உண்டு. காக்ஸாக்கி என்று ஒன்று, போலியோவின் உறவுக்காரன். 1948இல் அமெரிக்காவில் அதே பெயருள்ள ஊரில், போலியோ என்று நினைத்த குழந்தைகளிடம் கண்டுபிடித்தார்களாம். இதயச் செல்களுக்குள் புகுவதில் அது கெட்டிக்காரன். எனக்கு வந்தது எது என்று கடைசிவரை தெரியவில்லை. பலருக்கும் தெரிவதில்லை.

2015 டிசம்பரில் அடையாறு எங்கள் வீட்டுக்குள் வந்தது உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் சில நாளில் வடிந்துவிட்டது. சுவரோ மாதக்கணக்கில் ஈரம் கக்கியது, பூச்சு உப்பி உப்பி உதிர்ந்தது. மருத்துவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அந்தச் சுவர்தான் கண்முன் வந்தது. வைரஸ் சில செல்களைக் கொல்கிறது. அதை விரட்ட வரும் எதிர்ப்பு சக்தி, சிலருக்கு வைரஸ் போன பிறகும் ஓயாமல் சொந்தத் தசையையே தாக்குகிறது. தோலில் கீறல் விழுந்தால் புதுத் தோல் வளரும். இதயத் தசை அப்படி வளர்வது மிக மிகக் குறைவு. செத்த இடத்தில் தழும்புதான் விழும். தழும்பு சுருங்கி விரியாது, துடிப்பைக் கிளப்பும் மின்சாரத்தையும் திசை திருப்பிவிடும். படபடப்பு அதனால்தான். சிலருக்கு இதயம் மெல்ல மெல்லப் பெரிதாகித் தளர்ந்தும் போகிறது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, சரோஜா. காய்ச்சல் வந்த பெரும்பாலோருக்கு இதயத்தில் ஒன்றும் ஆவதில்லை. இதயத்தில் வீக்கம் வந்தவர்களிலும் நிறையப் பேர் தேறிவிடுகிறார்கள். ஆனால் காய்ச்சல் லேசாக வந்தவர்களுக்கும் பின்விளைவு இருக்கலாம். அமெரிக்காவில் கொரோனா வந்த முன்னாள் படைவீரர்கள் ஒன்றரை லட்சம் பேரைக் கவனித்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கே போகாதவர்களுக்கும் ஒரு வருடம் வரை இதயக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது.

எனக்கு மருந்தைவிடக் கடினமாக இருந்தது ஓய்வு. வீங்கிய இதயத்தை வேலை வாங்கக் கூடாது; மூன்றிலிருந்து ஆறு மாதம் கடும் உழைப்பு கூடாது என்றார்கள். 1970இலேயே காக்ஸாக்கி தொற்றிய எலிகளை நீந்தவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியதாம். ஐந்தாம் நாளே அடுப்படியில் நின்ற என்னை எண்ணி அன்று இரவு அழுதேன். அன்று 38 தள்ளிய இதயம் இப்போது 54க்கு வந்துவிட்டது. எப்போதாவது மாலையில் ஒரு துடிப்பு தவறியது போலிருக்கும். மாத்திரை தொடர்கிறது.

நீ வருடம் தவறாமல் போகிறவள், நேர்த்திக்கடன் வேறு. தெரியும். ஆனால் பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு, அந்தக் கூட்டத்தில், மூச்சு வாங்கும் நெஞ்சோடு போக வேண்டாம். இந்த வாரமே இசிஜி, எக்கோ எடு. காய்ச்சலுக்குப் பிறகுதான் மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் நீயே சொல், அவர் கேட்கும்வரை காத்திருக்காதே. நடுவில் நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போ.

எக்கோ முடிவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எல்லாம் சரியாக இருந்தால் சித்ரா பௌர்ணமிக்கு நானும் வருகிறேன். என் மருத்துவர் மெதுவாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு லிங்கத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மல்லிகா